பாப்பா எடுத்த படிப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா எம்.எஸ்சி.க்குப் பயிர் இனப்பெருக்கம் எடுத்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று நீ அலுத்துக்கொண்டிருப்பதுதான் பிடிக்கவில்லை. உன் தோட்டத்தில் நிற்கிற கோ 86032 ரகக் கரும்பு இந்தப் படிப்பு படித்தவர்கள் போட்ட சோறுதானே!

கோவையில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்ததற்குக் காரணமே இங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிப்பதுதான். வடக்கே அப்படிப் பிடிக்காது. அந்த நிலையத்து விஞ்ஞானிகள் பார்பர் துரையும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடிக்கரும்பை, நாணல் மாதிரி மெலிந்த காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். ஒன்றில் இனிப்பு, இன்னொன்றில் எதையும் தாங்கும் உரம். அதில் பிறந்த கோ 205 ரகம் ('கோ' என்றால் கோயம்புத்தூர்), 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. தலச்சேரியில் பிறந்து அமெரிக்காவில் மிச்சிகன் வரை போய்ப் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1930-களில் இங்கேதான் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடச் சேர்த்துப் பார்த்தவர் அவர். பாப்பாவிடம் அவரைப் பற்றிச் சொல்.

பூக்கும் பருவத்தில் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உத்தரப்பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம் என்று எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்துவிடுவார்கள். எந்தப் பூங்கதிரில் மகரந்தம் செத்திருக்கிறது, எதில் உயிரோடு இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். அயோடின் சொட்டு விட்டால் நல்ல மகரந்தம் கறுத்துவிடும். மகரந்தம் செத்த கதிரைப் பெண்ணாகவும், உயிருள்ளதை ஆணாகவும் வைத்துக்கொள்வார்கள். ஆண் கதிரை வெட்டி, தண்ணீரில் செருகி, பெண் கதிருக்குச் சற்று மேலே கட்டி, துணிக்கூடு போட்டு மூடிவிடுவார்கள். விடியலில் மகரந்தப் பொடி தானாகக் கீழே உதிரும். முற்றிய பிறகு பஞ்சு பஞ்சாக வரும் விதையைப் பையில் சேகரித்து அவரவர் ஊருக்கு எடுத்துப் போவார்கள்.

அந்தத் துணிக்கூட்டைக் கதிர் ஒடியாமல் கட்டுகிற தொழிலாளிகளின் கைப்பக்குவம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அப்புறம், ஒவ்வொரு விதையிலிருந்தும் முளைப்பது ஒவ்வொரு விதமான கரும்பு. ஆயிரக்கணக்கில் நிற்கும் நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று வரப்பில் நடந்தபடியே சொல்கிற கண் பல வருடப் பழக்கத்தில்தான் வரும். இன்று மரபணுச் சோதனையெல்லாம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுகிற பிள்ளைகள் பெருகுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு ரகம் வெளியே வரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர்தான் முடிக்க வேண்டியிருக்கும். இந்த நிலையத்தின் ஹரியானா கர்னால் மையத்தில் விஞ்ஞானி பக்ஷி ராம் உருவாக்கிய கோ 0238, 2009-இல் வெளியாகி உத்தரப்பிரதேசக் கரும்புக் காடுகளையே நிறைத்தது. 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ரகத்தைச் செவ்வழுகல் நோய் பிடித்துக்கொண்டு, இப்போது மாற்று ரகம் தேடுகிறார்கள். இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது மாப்பிள்ளை. அதனால்தான் பாப்பா மாதிரிப் பிள்ளைகள் இதற்கு வர வேண்டும் என்கிறேன்.

அவளை ஐப்பசியில் இங்கே அனுப்பி வை. வீட்டில் தங்கிக்கொள்ளட்டும். கதிர் கட்டுகிறவர்களோடு அவளும் ஏணியில் ஏறட்டும். அதுவரை அரசு வேலை, வங்கித் தேர்வு என்று எதையும் சொல்லி அவள் மனதைக் கலைக்காதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இந்த வருடம் வெட்டின கட்டையிலேயே மறுதாம்பு விடப்போகிறாயா, இல்லை புதுக் கரணை நடுகிறாயா? எழுது.

அன்புடன்,
உன் மச்சான்