கர்ப்பிணியின் பல்வலிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளின் உணவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ரத்தசோகை, சர்க்கரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இருந்தன. சாப்பிடுகிற வாயைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எழுதியவரைக் குறை சொல்லவில்லை. நம் மருத்துவப் படிப்பே அப்படித்தான் இருக்கிறது. சிறிய ஊரில் பல் மருத்துவராக இருக்கும் நான் அதன் விளைவை அடிக்கடி பார்க்கிறேன்.

சமீபத்தில் ஆறு மாத கர்ப்பிணி ஒருவர் கடைவாய்ப்பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி வந்தார். கையில் இரண்டு சீட்டுகள். ‘மகப்பேறு மருத்துவரின் ஒப்புதல் வாங்கி வரவும்’ என்று ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார். ‘பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மகப்பேறு மருத்துவர் எழுதியிருந்தார். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெண் கிராம்பை அடக்கிக்கொண்டு, மெல்ல முடியாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளியிருக்கிறார். போதாததற்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வேறு. “மாசமா இருக்கறப்ப பல்லுல கை வைக்கலாமா டாக்டர்?” என்று கூட வந்த மாமியார் கேட்டார். அவருக்கு அந்தப் பயம் இருப்பதில் தப்பில்லை. படித்த இருவருமே அதைத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

அந்த மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் இருபது வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். ஆனால் நாம் பயப்படுகிற மரப்பு ஊசி, தேவைப்பட்டால் ஒரு பல் எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, பல் எடுப்பது இவையெல்லாம் கர்ப்ப காலத்தில் செய்யக்கூடியவையே. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2013லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சீழை அப்படியே விட்டுவைப்பதுதான் ஆபத்து.

ஈறு நோயைக் குணப்படுத்தினால் குறைப்பிரசவம் நின்றுவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி ஆசை காட்டக் கூடாது. 2006ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் ஈறு சிகிச்சையால் குறைப்பிரசவம் குறையவில்லை. அதே ஆய்வில் ஈறு நிலை நன்றாகவே தேறியது, சிகிச்சையால் கெடுதலும் தெரியவில்லை. வலியில்லாமல் சாப்பிட்டுத் தூங்க முடிவது ஒன்றே சிகிச்சைக்குப் போதுமான காரணம் இல்லையா?

சரி, படிப்புக்கு வருகிறேன். பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவமும் பொது அறுவை சிகிச்சையும் உண்டு. மகப்பேறு தனிப்பாடமாகக் கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸில் பல் மருத்துவம் நாலைந்து தலைப்புகளோடு முடிந்துவிடுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அருகருகேதான் இருக்கின்றன. மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்க்க எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்குப் போகிறார்கள், பல் மருத்துவ மாணவர்கள் போவதில்லை. சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகம். பட்டம் கொடுப்பதும் தேர்வு வைப்பதும் பெரும்பாலும் ஒரே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அமெரிக்காவின் வடகரோலினா பல்கலைக்கழகம் இரு துறை மாணவர்களையும் சேர்த்து கர்ப்பிணிகளின் பல் பராமரிப்பில் பயிற்றுவித்திருக்கிறது. நமக்கும் அந்த வசதி இருக்கிறது.

நான் கேட்பது பெரிய பாடத்திட்டம் இல்லை. இரு துறை மாணவர்களும் சில நாட்கள் கர்ப்பிணிகள் புறநோயாளிப் பிரிவில் சேர்ந்து உட்காரட்டும். ஈறு சிவந்து ரத்தம் கசிவதையும், கர்ப்ப காலத்தில் ஈறில் முளைக்கிற சிவந்த கட்டியையும் மருத்துவ மாணவர் நேரில் பார்க்கட்டும். மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காமல், தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கச் சொல்லவும் அவர் பழகட்டும். நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால் ஏன் மயக்கம் வருகிறது, நாற்காலியில் இடுப்புக்குக் கீழே துண்டை மடித்துவைத்து இடப்பக்கமாக எப்படிச் சாய்ப்பது என்பதை பல் மருத்துவ மாணவர் கற்றுக்கொள்ளட்டும். அப்புறம், இருவரும் சேர்ந்து ஒரே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழகட்டும்.

செய்முறைத் தேர்வில் இரு தரப்புக்கும் இதிலிருந்து ஒரு கேள்வி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் இதை ஒப்புக்குத்தான் செய்வார்கள். சென்னையிலும் சிதம்பரத்திலும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கும்படி பல்கலைக்கழகத்தையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்