மெனுவையும் எங்களால் படிக்க முடிய வேண்டும்

மின்நூல் வாசிப்புக் கருவிகளை உருவாக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கருவியின் மெனுவைப் படிக்க முடியவில்லை என்று என்னைப் போன்ற குறைபார்வை உள்ளவர்கள் அனுப்பிய புகார்கள் உங்களிடமே இருக்கின்றன. முன்கதையை விவரிக்கத் தேவையில்லை. அண்மையில் வந்த மென்பொருள் புதுப்பிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரவோடு இரவாகத் தானே நிறுவிக்கொண்ட அது, நான் செய்து வைத்திருந்த அமைப்புகளை அழித்துவிட்டது. கறுப்புத் திரையில் தடித்த வெள்ளை எழுத்தாக இருந்த பக்கம், காலையில் கண்ணைக் கூசச்செய்யும் வெள்ளையாகவும் அதில் எறும்புச் சாரி போன்ற எழுத்தாகவும் மாறியிருந்தது.

பழையபடி மாற்ற மெனுவுக்குள் போக வேண்டும். அந்த மெனுவோ வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில், மெல்லிய சிறிய எழுத்தில் இருக்கிறது. புத்தகத்துக்குக் கொடுத்த பெரிய எழுத்து வசதியை மெனுவுக்கு நீங்கள் கொடுக்கவில்லை. கைபேசிக் கேமராவைத் திரைக்கு மேலே பிடித்து, பெரிதாக்கி, வரிவரியாகத் தேடினேன். மெலிந்த எழுத்தில் முதலில் மறைவது புள்ளிதான். 'க்' என்பது 'க' ஆகிவிடும். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடு தெரியாது. ஊகித்துத் தொட்டால் வேறு பக்கம் திறக்கிறது. அங்கிருந்து திரும்புவதற்கான அம்புக்குறியும் அதே சாம்பல் நிறம். கடைசியில் வீட்டில் இருந்தவரை அழைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. எவரையும் அழைக்காமல் படிக்கத்தான் இந்தக் கருவியை வாங்கினேன்.

மெனுவையும் எங்களால் படிக்க முடிய வேண்டும். கருவியை முதன்முதலில் இயக்கும்போதே எழுத்தின் அளவையும் நிறத்தையும் கேளுங்கள். அந்தத் தேர்வு அகராதி, அடிக்குறிப்பு, எச்சரிக்கைச் செய்தி என எல்லாத் திரைகளுக்கும் பொருந்தட்டும். எந்தப் புதுப்பிப்பும் அதை அழிக்கக் கூடாது.

'பெரிய எழுத்து' என்று ஒரே ஒரு பொத்தானை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மையப் பார்வையை இழந்தவருக்கு மிகப் பெரிய எழுத்து வேண்டும். பக்கப் பார்வை சுருங்கியவருக்கோ எழுத்து அளவுக்கு மீறிப் பெருத்தால் ஒரு முழுச் சொல்கூடப் பார்வைக்குள் அடங்காது. இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று 2008 முதல் சொல்லி வருகின்றன. படிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அதைக்கூட எட்டவில்லை என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பதிப்பாளர்கள் மீதும் கோபம் உண்டு. பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து மின்நூல் என்று விற்கிறார்கள். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்தே கை சோர்ந்துவிடுகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை உருவாக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்க வேண்டும் என்று 2013இல் மராக்கேஷ் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அப்படி உருவான நூலையும் உங்கள் மெனுவைத் தாண்டித்தானே நாங்கள் திறக்க வேண்டும்?

கோபத்தில் பதிப்பாளர்கள் வரை போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். உங்களிடம் கேட்பது மெனுவைத்தான். அடுத்த புதுப்பிப்பை வெளியிடும் முன் குறைபார்வை உள்ளவர்களிடம் கருவியைக் கொடுத்து, எவர் துணையும் இல்லாமல் மெனுவைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இந்த மாற்றம் எப்போது வரும் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். பதிலைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவியில் நாள்தோறும் படிக்கும் ஒரு வாசகர்