இடிக்கும்போது ஒரு லயனை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். தோட்டப் பாடசாலைகளில் 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். பழைய லயன்களை இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். வீடு வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை. எங்கள் சனம் எத்தனை தலைமுறையாகக் கேட்டது அது! ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு இத்தாலியில் இருக்கும் ஒரு சின்ன ஊர் வரைக்கும் போய் வர வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

என் மகள் 9 வருடமாக இத்தாலியின் பாரி நகரத்தில் வயதான ஓர் அம்மாவைப் பராமரிக்கிறாள். 'சிஞ்ஞோரா' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். அவர் பிறந்த ஊர் அல்பெரோபெல்லோ, பாரியிலிருந்து ரயிலில் போகலாம். ஏறத்தாழ 10,000 பேர் வாழும் ஊர். செப்டெம்பர் கடைசியில் அங்கே திருவிழா. கோஸ்மா, தமியானோ என்ற இரண்டு வைத்தியச் சகோதரர்கள்தான் ஊரின் காவல் புனிதர்கள். போன முறை சிஞ்ஞோரா மகளையும் கூட்டிப் போயிருக்கிறார். போனில் திருவிழாவைக் காட்டுவாள் என்று பார்த்தால், சுவர்களையும் கூரைகளையுமே காட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, தாத்தா கட்டின மாதிரியே கட்டியிருக்காங்க. சாந்தே இல்ல, வெறுங் கல்லு" என்றாள்.

என் அப்பா தோட்டத்தில் கல்லுக்கட்டு வேலை செய்தவர். மலைச்சரிவில் மண் இறங்காமல் இருக்க, தேயிலை வரிசைகளுக்கு நடுவே படி படியாகக் கட்டியிருக்கிறதே, அந்தக் கட்டு. சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது கிளம்பிய கல்லையே பொறுக்கி, பெரியதை அடியில் வைத்து, கல்லுக்கட்டை மலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, நீளக் கல்லை உள்ளே போகிற மாதிரிச் சொருகி, சந்துகளில் சில்லுக்கல்லை இறுக்குவார். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். எடுத்த கல்லைத் திரும்பக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை, எங்காவது ஓரிடத்தில் அது உட்கார்ந்துவிடும். சாந்து வைத்தால் இன்னும் பலமாக நிற்காதா என்று சின்ன வயதில் கேட்டேன். "தண்ணிக்கு வழி விட்டாத்தாம்மா கட்டு நிக்கும்" என்றார். மழைத் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக வடிந்துவிடும். வழியை அடைத்தால் பின்னால் தேங்கிக் கல்லுக்கட்டையே தள்ளிவிடும். எங்கள் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலையில் அவர் கட்டியது இன்றைக்கும் நிற்கிறது.

அல்பெரோபெல்லோவில் இதே கைவேலையில் வீடே கட்டியிருக்கிறார்கள். 'த்ருல்லோ' என்று பெயர். உள்ளுக்கு ஒரு சுவர், வெளிக்கு ஒரு சுவர், நடுவில் கற்சில்லுகள். அதன்மேல் தட்டையான சுண்ணாம்புக்கல்லை வட்டம் வட்டமாக, மேலே போகப் போகச் சுருக்கி அடுக்கி, நெல் அம்பாரம் மாதிரிக் கூரை. அந்தப் பக்கம் தரைக்கு மேலே ஆறு ஓடாது, மழைத் தண்ணீர்தான். அதனால் தரையைத் தோண்டித் தொட்டி கட்டி, தோண்டின கல்லிலேயே சுவரும் எழுப்பினார்கள். கூரையில் விழும் மழை அந்தத் தொட்டிக்குப் போகும். சுவருக்கு வெள்ளையடித்து, சில கூரைகளில் சுண்ணாம்பால் சிலுவை, இதயம் என்று அடையாளங்களும் போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய கிழமை லயன் முழுக்கச் சுண்ணாம்பு மணக்க நாங்கள் வெள்ளையடித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, ஏன் சாந்தில்லாமல் கட்டினார்கள்? இதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தக் காட்டு நிலம் கொன்வெர்சானோ பிரபுக்களுடையது. விவசாயிகளைக் கொண்டுவந்து காட்டை வெட்டிப் பயிர் செய்ய வைத்தார்கள். நேப்பிள்ஸ் இராச்சியச் சட்டப்படி புதிதாக ஓர் ஊரை உண்டாக்க அரசரின் அனுமதி வேண்டும், வரியும் கட்ட வேண்டும். பிரபுவுக்கு ஆட்கள் வேண்டும், ஊர் இருப்பது மட்டும் கணக்கில் வரக்கூடாது. சாந்தில்லாமல் கட்டுவது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம்தான், அதையே பிரபு கட்டாயமாக்கினார். அரச அதிகாரி பார்க்க வந்தால் உடனே கலைத்துப் போட்டுவிடலாம் அல்லவா? 1644இல் அப்படி ஒரு சோதனை வந்தபோது கூரைகளை இறக்கச் சொன்னார்கள், சனங்கள் வெட்டவெளியில் கிடந்தார்கள் என்று ஊரில் சொல்வார்களாம்.

தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். ஊர் என்று ஒன்று இருப்பதாகவே காகிதத்தில் இல்லை. கடைசியில் ஊர்க்காரர் சிலர் தாரந்தோ நகரத்துக்குப் போய் அரசர் நான்காம் பெர்டினாண்டை நேரில் கண்டு முறையிட்டார்கள். 1797 மே 27ஆம் திகதி அவர் ஆணை எழுதிக் கொடுத்தார்: இனி இது பிரபுவின் சொத்தல்ல, அரச ஊர். அதே வருடம் ஊரில் முதன்முறையாகச் சாந்து வைத்து ஒரு வீடு எழும்பியது. 'காசா தமோரே' என்ற அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. மகள் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். பார்ப்பதற்குப் பெரிய அழகொன்றும் இல்லை. ஆனால் சாந்து வைத்துக் கட்டலாம் என்ற உரிமை கிடைத்ததும் எழுந்த வீடு அது. நமக்கு அது விளங்கும். 1948இல் குடியுரிமையை இழந்து, 2003 சட்டம் வரைக்கும் குடியுரிமைப் பத்திரத்துக்கு அலைந்தவர்கள் நாங்கள். 10க்கு 12 அடிக் காம்பராவில், அதாவது லயன் அறையில், ஒரு ஆணி அடிக்கவும் தோட்டத்தைக் கேட்க வேண்டியிருந்ததை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர்க்காரர்கள் சாந்து கிடைத்ததும் பழையதையெல்லாம் தரைமட்டமாக்கிவிடவில்லை. ரியோனே மோந்தி என்ற பகுதியில் மட்டும் 1,000க்கு மேல் த்ருல்லோக்கள் நிற்கின்றன. 1996இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அவை சேர்ந்தன. 2018இல் இத்தாலி உட்பட 8 நாடுகளுக்காக, சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையையே யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றது. அப்பா செய்த வேலைக்குக் கலை என்று உலகத்தில் பெயர் இருப்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிய வந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இங்கே என்ன நிலைமை? தோட்டத்தை நடத்திய துரைமாரின் பங்களாக்களைப் பக்குவமாகப் பேணி வெளிநாட்டவர் தங்கும் ஹோட்டல்களாக்குகிறார்கள். கண்டிப் பக்கம் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று தேயிலை நூதனசாலையாக இருக்கிறது, பழைய இயந்திரங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நல்லதுதான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த மலையைத் தாங்கிப் பிடித்த கட்டுகளைக் கட்டியவர்களின் பெயர் ஒன்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது, எனக்கே என் அப்பாவின் பெயரைத் தவிர வேறு இரண்டு பேரின் பெயர்தான் தெரியும்.

நான் பிறந்த லயனை இரண்டு வருடத்துக்கு முன் இடித்தார்கள். எந்தத் தோட்டம், யார் இடித்தது என்று எழுத விரும்பவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஆனால் இடிக்கும் முன் ஒருவரும் ஒரு படம் எடுக்கவில்லை, எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பின் கல்லையும் அம்மாவின் அம்மிக்கல்லையும் றோட்டுக் குழியில் போட்டு நிரப்பிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது லொறி கிளம்பிவிட்டது.

மீரியபெத்தையில் 2014இல் மண் சரிந்து லயன்களோடு மனிதர்களும் புதைந்ததைக் கண்ட நாங்கள், லயனில் இன்னும் ஒரு குடும்பமாவது இருக்க வேண்டும் என்று சொல்வோமா? இந்திய உதவியில் கட்டிய 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகளும், வீட்டுக்கு 7 பேர்ச் அளவுக் காணியும் எல்லாரிடமும் வந்து சேரட்டும். எல்லாரும் குடியேறிய பிறகு, ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் ஒரு லயனை மட்டும் விட்டுவையுங்கள் என்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் என்று கேட்கவில்லை. ஒரு பிரதேசச் செயலகப் பிரிவுக்கு ஒன்று போதும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயன் காம்பராக்களையே தொழிலாளர் நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காத ஆசிரியர்கள் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எங்கள் ஊவா மாகாணத்திலும் அப்படி ஒன்று வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மகள் போன தெருவில் த்ருல்லோக்கள் பாதிக்கு மேல் கடைகளும் தங்குமிடங்களும்தானாம். சிஞ்ஞோராவின் சொந்தக்காரர்கள் எப்போதோ ஊரின் புதுப் பகுதிக்குப் போய்விட்டார்கள். நமது லயனை வெளியாட்கள் வாங்கிக் கோப்பிக் கடை நடத்துவதற்காக நான் கேட்கவில்லை. அதன் சாவி தோட்டத்துச் சனத்திடமே இருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் ஞாயிறு பதிப்பில் மாதம் ஒரு முறை அரைப்பக்கம் தர முடியுமா? வாசகர்கள் தங்கள் லயனின் படத்தையும், காம்பரா வாரியாக இருந்த குடும்பங்களையும், கல்லுக்கட்டு வேலைசெய்த பெரியவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பட்டும். முதல் படம் என்னுடையது: ஏழாம் நம்பர் மலைக் கட்டு, போன மாதம் மழை விட்ட ஒரு காலையில் எடுத்தது. கல்லிடுக்குகளில் தண்ணீர் வடிவது அதில் தெரியும். இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹப்புத்தளை.