என் மகளுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது, பழைய வாய்த்துடுக்கும் திரும்பிவிட்டது. விசாரித்துக்கொண்டே இருந்த எல்லாருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையிலேயே குணமாகிவிடும் புற்றுநோய்தான். இவளுக்குத் திரும்பி வந்தது. அதனால் வேறு மருந்துகளால் நோயை அடக்கிவிட்டு, ஸ்டெம் செல் (எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்) மாற்று சிகிச்சை செய்தார்கள்.

"எலும்பு மஜ்ஜை கொடுத்தது யாரு?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. யாரும் கொடுக்கவில்லை. ஊசி போட்டு அவளுடைய ஸ்டெம் செல்களையே ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் பிரித்து, உறையவைத்து எடுத்து வைத்தார்கள். பிறகு மிகக் கடுமையான கீமோ. அந்த அளவு மருந்தை மஜ்ஜை தாங்காது. அதனால்தான் எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது அறை முழுக்கப் பூண்டு வாடை. செல்கள் கெடாமல் உறைய ஒரு மருந்து சேர்ப்பார்களாம், அதன் வாடை. "யாரும்மா ரசம் வைக்கிறது?" என்று அந்த நிலையிலும் கேட்டாள்.

சரி, செல்கள் அவளுடையவை. ஆனால் அவை மஜ்ஜையில் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்க இரண்டு வாரம்போல ஆகிறது. அதுவரை உடம்பில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இல்லை என்றே சொல்லலாம், பல் ஈறில்கூட ரத்தம் கசியும். அந்த நாட்களைத் தாண்ட வைத்தது நீங்கள்தான். தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் முன்கூட்டியே வாங்கி அடுக்கவும் வழியில்லை. தேவைப்படும்போது ஆள் வந்தாக வேண்டும். வந்தீர்கள். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்தவர்கள் உண்டு. உதடு மரத்துப்போகிறது என்று கால்சியம் மாத்திரையைச் சப்பிக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல், ரத்தத்திலிருந்து தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும் இயந்திரத்தோடு படுத்திருந்தீர்கள். நரம்பு மெலிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தம்பி, மறுநாள் தன் நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பெயர்கூடச் சொல்லாமல் போனவர்களும் இருக்கிறீர்கள். அதற்காகத்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும் நேரம் முழுக்க வாயில் ஐஸ் கட்டி வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும். அழுது துப்பிய பிள்ளையிடம் கதை பேசிப் பேசியே ஐஸைக் கரைய வைத்த நர்ஸ் அக்காக்களுக்கு நன்றி. வாடகை வாங்காமல் மாடி அறையைத் தந்த குடும்பத்துக்கும், பாடக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்த வகுப்பாசிரியைக்கும் நன்றி.

அப்புறம் ஒன்று. பழைய தடுப்பூசிகளின் பலன் போய்விட்டதால், கைக்குழந்தைக்குப் போடுவதுபோல அவற்றை மறுபடி போட வேண்டும். அதுவரை கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது முடிந்ததும் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பா