அவுட்போர்டு எஞ்சினைத் தாழ மாட்டிவிட்டு உயர்த்தித் தர மறுப்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மீன் ஏற்றும் போட்டின் உரிமையாளர்,
பண்ணவாடி, கொளத்தூர் வழி,
மேட்டூர் வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

ஐயா,

வணக்கம். போட்டின் பின்பக்கம் வெளியே மாட்டும் உங்கள் நிறுவனத்தின் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினைச் சேலத்தில் உள்ள உங்கள் விற்பனையாளரிடம் வாங்கினேன். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் பரிசல்காரர்கள் பிடிக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி மீன்களை ஐஸ் பெட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருவதுதான் எனக்கும் என் தம்பிக்கும் பிழைப்பு. எங்கள் ஃபைபர் போட்டில் அந்த எஞ்சின் மூன்று அங்குலம் தாழ நிற்கிறது. அதை உயர்த்தி மாட்டித் தரும்படி விற்பனையாளரிடம் பலமுறை கேட்டும் பலன் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எஞ்சின் உட்காரும் பின்பலகையின் உயரம் எங்கள் போட்டில் 17 அங்குலம். விற்பனையாளர் கொடுத்தது 20 அங்குல லாங் ஷாஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் தண்டு நீளமான எஞ்சின். அணைத் தண்ணீர் ஆழம், அதற்கு லாங் ஷாஃப்ட்தான் சரி என்றார்கள். ஷாஃப்ட் நீளத்தை முடிவு செய்வது பின்பலகையின் உயரம். தண்ணீர் பத்து அடி ஆழமா நூறு அடி ஆழமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. இதை எஞ்சின் விற்பவர் அறிந்திருக்க வேண்டாமா? மாட்ட வந்த டெக்னீஷியன் பலகையை அளக்கவில்லை. போட் கரையில் இருக்கும்போதே கிளாம்ப்பை இறுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவே இல்லை.

தண்ணீரைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லருக்கு நேர் மேலே ஒரு தட்டு இருக்கிறது. மெக்கானிக்குகள் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். மேலிருந்து காற்று புரொப்பல்லருக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. போட்டின் அடிமட்டத்தோடு அது ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். போட்டின் அடியை ஒட்டி நேரான ஒரு சட்டத்தைப் பின்னால் நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். தட்டு அதற்கு மூன்று அங்குலம் கீழே இருந்தது. அளவு தெரியும்படி எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். சுமை ஏற்றும் போட்டுக்குச் சற்றுத் தாழ இருப்பது நல்லது என்று விற்பனையாளர் வாதாடினார். சற்று என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். மூன்று அங்குலத்தைச் சற்று என்று சொல்ல முடியாது.

கொழு ஆழமாக இறங்கிவிட்டால் மாடு திணறுவது போல எஞ்சின் திணறுகிறது. தண்ணீருக்குள் இருக்க வேண்டியதைவிட அதிகமான இரும்பை அது இழுத்துக்கொண்டு போகிறது. வேகம் எடுத்தால் எஞ்சினின் கீழ்த்தண்டை ஒட்டித் தண்ணீர் மேலே சீறி போட்டுக்குள் கொட்டுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் தோள் வலிக்கிறது. பெட்ரோல் போகிற வேகம் தனி வேதனை. ஆடிக் காற்றில் அலை எழுந்தால் எஞ்சினின் மூடி வரை தண்ணீர் அடிக்கிறது.

முதல்முறை புகார் சொன்னபோது வந்தவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4400 சுற்றுதான் வந்தது. கையேட்டில் 5000 முதல் 6000 வரை வர வேண்டும் என்று போட்டிருக்கிறது. புரொப்பல்லர் பொருந்தவில்லை என்று சொல்லி, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைவான வேறொன்றை என் செலவில் வாங்க வைத்தார்கள். பிட்ச் குறைந்தால் சுற்று கூடும் என்பது யாருக்கும் தெரியும். சுற்று கூடியது. போட்டின் வேகம் கூடவில்லை, தண்ணீர் சீறுவதும் நிற்கவில்லை. உயரத்தைச் சரி செய்த பிறகு பார்க்க வேண்டிய புரொப்பல்லரை முதலில் மாற்றியதால் கோளாறு அப்படியே இருக்கிறது, என் பணம்தான் போனது.

பலகையின் மேல் கட்டை வைத்து உயர்த்தித் தாருங்கள் என்று கேட்டேன். கம்பெனி செட்டிங்கைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்றார்கள். எழுதித் தரச் சொன்னால் தரவில்லை. உங்கள் கையேடோ, மாட்டும் உயரம் போட்டுக்குப் போட் மாறும், வெவ்வேறு உயரத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அதை விற்பனையாளர்தான் செய்ய வேண்டும் என்கிறது. யார் சொல்வதை நான் நம்புவது?

எனக்கு வேறு ஒரு பயமும் உண்டு. மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியில் நிலையாக நிற்பதில்லை. டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்தால் இறங்கும். நன்றாக இறங்கிவிட்டால் எங்கள் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். 1934-இல் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் இருந்தவை அவை. அந்தக் கல்லும் சுவரும் அடிமரங்களும் இன்றும் கீழே கிடக்கின்றன. அங்கே மூன்று அங்குலம் தாழ்ந்த புரொப்பல்லர் ஒரு தட்டுத் தட்டினால் இதழ் போகும், கியரும் போகும். நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றால் உள்ளே இருப்பது இரண்டு உயிர்.

ஆகவே பயிற்சி பெற்ற ஒருவரைப் பண்ணவாடிக்கு அனுப்புங்கள். அவர் முறையான கட்டையோ பிராக்கெட்டோ வைத்து எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, காலி போட்டிலும் ஐஸ் பெட்டி ஏற்றிய போட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி உயர்த்தினால் வளைவில் புரொப்பல்லர் காற்றை இழுத்து எஞ்சின் வெறுமனே உறுமும், குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் சூடாகும். அதனால் பின்னால் பீச்சும் தண்ணீர் குறையாமல் வருகிறதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும். இந்த மாற்றத்தால் வாரண்டி பாதிக்காது என்று நிறுவனத்தின் முத்திரையோடு எழுத்தில் வேண்டும். தேவையின்றி வாங்க வைத்த புரொப்பல்லரின் விலையைத் திருப்பித் தர வேண்டும். இதுவரை திணறி ஓடியதால் எஞ்சினுக்குள் ஏதாவது சேதமா என்று கட்டணம் வாங்காமல் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். இவ்வளவு செய்தும் உயரம் பொருந்தாவிட்டால் எங்கள் பலகைக்கு ஏற்ற ஷாஃப்ட் உள்ள எஞ்சினாக மாற்றித் தாருங்கள்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். இது வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

வருகிறவர் எந்த நாளில் வருவார் என்று முந்தின நாளே தெரிவித்தால், காற்று எழும் முன் காலையிலேயே போட்டைத் தண்ணீரில் தயாராக வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
போட் உரிமையாளர், பண்ணவாடி

இணைப்பு: எஞ்சின், புரொப்பல்லர் பில் நகல்கள், வாரண்டி அட்டை நகல், அளவுப் படங்கள்