காலை நேர உள்நுழைவுச் சிக்கல்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காலையில் எல்லோரும் ஒரே சமயத்தில் உள்நுழையும்போது, கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தவர்களையும் ‘கடவுச்சொல் தவறு’ என்று எங்கள் ரேடியஸ் நிரலகம் (உள்நுழைபவரைச் சரிபார்க்கும்படி சர்வரிடம் கேட்கும் நிரல்தொகுப்பு) திருப்பி அனுப்புவதாக ஒரு புகார் சுற்றிவருகிறது. புகார் உண்மை. வழுவும் எங்களுடையதுதான். ஆனால் அது பலர் வாய்க்குப் போய்வந்ததில், ‘ஒருவருக்கு வரவேண்டிய அனுமதி இன்னொருவருக்குப் போய்விடுகிறதாம்’ என்று ஆகிவிட்டது. இதைக் கேட்டபோது எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ரேடியஸ் நெறிமுறையில் கோரிக்கையின் அடையாள எண்ணுக்கு இடம் ஒரே ஒரு பைட். ஆகவே ஒரு போர்ட்டிலிருந்து ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் 256 கோரிக்கைகள்தான் பதிலுக்குக் காத்திருக்க முடியும். 257ஆவது கோரிக்கை வந்தபோது எங்கள் நிரலகம் இன்னும் பதில் வராத ஒரு பழைய எண்ணையே எடுத்துக் கொடுத்துவிட்டது. பழைய கோரிக்கைக்கான பதில் புதியதன் கணக்கில் வந்து சேர்ந்தது.

அப்படியானால் தவறான ஆள் உள்ளே போயிருப்பாரே என்று நீங்கள் கேட்கலாம். போகவில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிதாக உருவாக்கிய 16 பைட் தற்போக்கு எண் (ரேண்டம் எண்) ஒன்று இருக்கிறது. சர்வரின் பதிலில் வரும் சரிபார்ப்பு மதிப்பு, அந்த எண்ணையும் இருபக்கமும் மட்டுமே அறிந்த ரகசியச் சொல்லையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. வேறு கோரிக்கைக்கான பதில் வந்தால் மதிப்பு பொருந்தாது. நிரலகம் அதைத் தூக்கி எறிந்துவிடும். அப்படித்தான் எறிந்தது. 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் தாக்குதலையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது நடுவில் புகுந்த ஒருவர் அந்தச் சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிடும் எம்டி5 முறையின் பலவீனத்தைக் கொண்டு பதிலையே போலியாகச் செய்வது. எண் மாறிப்போவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கள் உண்மையான குற்றம் வேறு. பதில் வராமல் நேரம் கடந்துபோவதையும் சர்வர் மறுப்பதையும் ஒரே பிழைக்குறியீட்டில் போட்டுவைத்திருந்தோம். சர்வர் மறுக்கவே இல்லை. திரையில் மட்டும் ‘கடவுச்சொல் தவறு’ என்று வந்தது. பாவம், பலர் தங்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் என்று நினைத்து மாற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

சோதிக்காமலே வெளியிட்டோம் என்ற பேச்சு மட்டும் நியாயமில்லை. ஒவ்வொரு பதிப்பையும் 200 பேர் ஒரே நேரத்தில் உள்நுழைவது போல இயக்கிப் பார்த்துத்தான் வெளியிட்டோம். 200, 256ஐத் தாண்டாது என்பது எங்கள் கண்ணில் படவில்லை. அந்தப் பகுதியை எழுதிய நண்பர் இப்போது எங்களோடு இல்லை. அவர் மீது பழி போட மாட்டோம், படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தவர்கள் நாங்கள்தான். இப்போது சோதனை 2,000 பேருக்கு நடக்கிறது.

புதிய பதிப்பில் எண்கள் தீர்ந்ததும் நிரலகம் இன்னொரு போர்ட்டைத் திறந்துகொள்ளும். நேரம் கடந்ததற்குத் தனிப் பிழைக்குறியீடும் உண்டு. இந்தத் திருத்தம் 4ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு மட்டுமே. ஃபயர்வாலில் அனுப்பும் போர்ட்டை நிலையாக வைத்திருப்பவர்கள் அந்த விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாடிக்கையாளர் கோபத்தில் ஒரு சொல்கூட எழுதாமல், காலை 9 மணிக்குப் பிடித்த பாக்கெட் பதிவை (வலையில் போய்வந்த தரவின் பதிவை) மட்டும் அனுப்பிவைத்தார். ஒரே அடையாள எண், இரண்டு வேறு தற்போக்கு எண்கள், நடுவில் ஒரு விநாடிகூட இல்லை. வாரக்கணக்கில் தேடியும் சிக்காத வழு அன்று மாலையே பிடிபட்டது. அவருக்கும், இத்தனை நாள் பொறுத்து எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய பதிப்பிலும் காலை நேரத்தில் யாராவது வெளியே நிற்க நேர்ந்தால், அதே போன்ற பதிவு ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள். அன்றே பார்த்துப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
நிரலகக் குழுவினர்