யாழினிக்கு, ஐஸ்லாந்து புறப்படுமுன்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். செப்டம்பர் கடைசி வாரம், எட்டு நாளில் நாட்டையே சுற்றிவரும் முழு வட்டச் சாலை, 1,300 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப்படி முடியும். ஆனால் ஒரு நாளைக்கூடச் சும்மா விடவில்லை நீ. அங்கே இன்று எந்த ஊரில் தங்குவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். ஸ்நைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தை எடுத்துவிட்டு, அந்த நாளை விக்குக்கும் ஹோஃப்னுக்கும் நடுவே காலியாக வை. பனியாறும் எரிமலையும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பது அந்தத் தெற்குக் கரையில்தான்.

எல்லாரும் எரிமலையைத்தான் விசாரிப்பார்கள். ரேக்யானெஸ் பக்கம் 2021 முதல் அவ்வப்போது நிலம் பிளந்து குழம்பு வருகிறது. கிரிண்டாவிக் ஊரையே 2023 நவம்பரில் காலி செய்தார்கள். சாலை மூடியிருந்தால் போகாதே, அவ்வளவுதான். புதுக் குழம்பின்மேல் மட்டும் கால் வைத்துவிடாதே. மேலே கறுப்பாக இறுகியிருக்கும், உள்ளே இன்னும் கொதிக்கும். காற்று அசையாத நாளில் நச்சுவாயு பள்ளத்தில் தேங்கும் என்பதால், மேட்டில் காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும்.

காற்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அங்கே வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள், 3.6-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய கிலோமீட்டர் வரும். 15 என்றாலே உயரமான வண்டிக்கு ஆபத்து. கேம்பர் வேன் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். 20 தாண்டினால் சாதாரணக் காரும் நிற்கட்டும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதே, திடீர் வீச்சு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பதையும் பார். ஐயாஃபியாட்லாயோகுல் பனிமலையின் அடிவாரத்திலும் ஓரைவி பகுதியிலும் மலையிலிருந்து காற்று சரிந்து இறங்கும். சராசரி 15 காட்டும்போதே வீச்சு 30-ஐத் தொடலாம். தினமும் காலையில் வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கை நிறத்தையும் சாலைத்துறையின் வரைபடத்தையும் பார்த்த பிறகு சாவியை எடுங்கள்.

வாடகைக் கார்களில் பெரும் செலவு வைப்பது கதவு. பின்னாலிருந்து காற்று அடிக்கும்போது திறந்தால், கதவு முன்பக்கமாக மடங்கிக் கீல் வளைந்துவிடும். பெரும்பாலான காப்பீடுகளில் இதற்குப் பணம் வராது. வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல் மாப்பிள்ளையை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே திறவுங்கள், இருவரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். சரளைக்கல் காப்பீடு கட்டாயம் எடு. மணல், சாம்பல் சேதத்துக்குத் தனிக் காப்பீடு. தெற்குக் கரையில் மணற்புயல் வண்டியின் பெயின்டையே உரித்துவிடும் என்பதால் அதையும் எடுத்துவிடு.

வேக வரம்பு தார்ச்சாலையில் 90, சரளையில் 80. தார் முடியும் இடத்துக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து கால் வந்துவிட வேண்டும். சரளைக்கு ஏறியபின் பிரேக் அடித்தால்தான் வண்டி இழுத்துக்கொண்டு போகும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகும் குறுகிய பாலத்தில், யார் பாலத்துக்கு அருகில் இருக்கிறாரோ அவருக்கு வழி. சந்தேகமாக இருந்தால் நீங்கள் நில்லுங்கள். செப்டம்பரில் ஆடுகளை மலையிலிருந்து இறக்குவார்கள். தாய் ஒரு பக்கம், குட்டி எதிர்ப்பக்கம் நின்றால் ஏதோ ஒன்று குறுக்கே ஓடும் என்று வைத்துக்கொள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், அது சட்டம். ஆளில்லாப் பெட்ரோல் பங்க்கில் கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்கும், மறந்துவிட்டுப் போகாதே. எஃப் என்று தொடங்கும் எண்ணுள்ள சாலைகளை இந்த முறை விட்டுவிடு. அவற்றுக்கு நான்கு சக்கர இழுவை வேண்டும், ஆற்றைக் கடக்க வேண்டிவரும், தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குக் காப்பீடு கிடையாது. சாலையை விட்டு இறங்கி ஓட்டினால் பெரிய அபராதம். எல்ட்ஹ்ரவுனில் 1783-இல் லாக்கி பிளவிலிருந்து வந்த குழம்பின்மேல் பாசி தடிமனாகப் படர்ந்திருக்கும். ஒரு மிதி போதும், ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பனியாற்று நடையைச் சோல்ஹெய்மாயோகுல் அல்லது ஸ்கஃப்டாஃபெல் பக்கம், வழிகாட்டியுடன் மட்டும் வைத்துக்கொள். கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ் வேண்டும்; ஓடும் ஷூவில் கிராம்பான் (பனியில் பிடிப்புக்காக வாரால் கட்டும் இரும்புப் பற்கள்) நிற்காது. வாரை இறுக்கியபின் மீதமுள்ள முனையை உள்ளே செருகிவிடு. தொங்கினால் மற்றக் காலின் பல்லில் மாட்டும். பலர் விழுவது வழுக்கி அல்ல, ஒரு காலின் பல் மறுகால் பேன்ட்டில் சிக்கித்தான். ஆகவே கால்களை அகட்டி, பாதம் முழுவதும் படியும்படி மிதித்து நட. இறங்கும்போது முழங்கால் மடங்கியிருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, வெளியே மழை புகாத உடை. குளிர் இல்லாவிட்டாலும் கையுறை போடு. சாம்பல் கலந்த பனிக்கட்டி உப்புத்தாள் மாதிரி, விழுந்து ஊன்றினால் உள்ளங்கை கிழியும்.

அங்கே கறுப்புக் கூம்புகள் நிற்கும், மணல்மேடு என்று நினைப்பாய். வழிகாட்டியைக் கைக்கோடரியால் லேசாகக் கீறச் சொல், இரண்டு விரல் ஆழத்தில் பனிக்கட்டி தெரியும். சாம்பல் மெல்லிசாகப் படிந்தால் வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கும். கனமாகப் படிந்தால் வெப்பத்தைக் கீழே விடாது. சுற்றியுள்ள பனி உருகித் தாழ்ந்துபோக, அந்த இடம் மட்டும் கூம்பாக மிஞ்சும். பனிச்சுவரில் தெரியும் கறுப்புக் கோடுகளும் பழைய வெடிப்புகளின் சாம்பல்தான்.

சோல்ஹெய்மாயோகுலுக்கு மேலே, மிர்தால்ஸ்யோகுல் பனிக்கு அடியில் காட்லா எரிமலை இருக்கிறது. கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-இல். பனிக்கடியில் வெடித்தால் குழம்பு வருவதற்கு முன்னால் வெள்ளம் வரும். கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தால் பையைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றில் அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று பலமாக அடித்தாலும் அப்படியே. 1996-இல் வட்னாயோகுல் பனிக்கடியில் வெடித்தபோது, உருகிய தண்ணீர் கிரிம்ஸ்வோட்ன் பள்ளத்தில் ஒரு மாதம்போலத் தேங்கிப் பிறகு உடைத்துக்கொண்டு இறங்கியது. அது முறுக்கிப் போட்ட பாலத்தின் இரும்பு உத்தரங்கள் ஸ்கஃப்டாஃபெல்லுக்கு அருகே சாலையோரம் இருக்கின்றன. பத்து நிமிடம் நிறுத்திப் பார்; எந்த அருவியையும்விட அதைத்தான் நான் சொல்வேன்.

யோகுல்சார்லோன் ஏரியில் மிதக்கும் பனிப்பாறைகள்மேல் ஏறாதே, சொல்லாமல் புரளும். ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில் சிவப்பு விளக்கு எரிந்தால் மணலில் இறங்காதே. அமைதியாகத் தெரிந்தாலும் கடலுக்கு முதுகு காட்டாதே.

வடக்கே ஹ்வெரிர் சேற்று ஊற்றுகளில் கயிற்றுக்கு உள்ளேயே நட. வெளிறிய மண் மேலே காய்ந்தும் அடியில் கொதித்தும் இருக்கும். வெள்ளிக் கொலுசைக் கழற்றிப் பையில் போடு, கந்தகம் கறுப்பாக்கிவிடும். எயில்ஸ்டாடிரில் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் மிவட்ன் பக்கம் புறப்பட வேண்டும்.

அகுரேரிக்கு முன்னால் வரும் சுரங்கப்பாதையில் சுங்கச்சாவடி இருக்காது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும், இணையத்தில் நாமே கட்ட வேண்டும். அன்றைக்கே கட்டிவிடு. விட்டால் வாடகைக்காரர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உன் கார்டில் எடுப்பார்கள். அவசர எண் 112, அதன் செயலியை இருவர் கைப்பேசியிலும் இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய திட்டத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா